குக்கர் விசிலா... கொட்டகை விசிலா?

கரிசக்காட்டு ஆட்கள் இரண்டே கேள்விகளுக்குத்தான் வானத்தைப் பார்ப்பார்கள். ஒன்று, ''மழை வருமா?'' இன்னொன்று, ''இந்தப் படம் எப்ப செல்போன்ல வரும்?'' (இரண்டுமே மேலேயிருந்துதானே இறங்கணும்!) முதல் கேள்விக்கு வானிலை ஆபீஸ் பதில் சொல்லும். சமயத்தில் சரியாகவும் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அருப்புக்கோட்டையில் எந்த டீக்கடையில் நின்று கேட்டாலும் பதில் ரெடி: ''நாலு வாரம் பொறுங்கண்ணே... வீட்டுக்கே வந்துரும்!''

நாலே வாரம்! உளுந்து விதைச்சு, அது பூ எடுக்கிறதுக்குள்ளே புதுப்படம் வீட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் எதுக்கு சார், பஸ் ஏறி, வரிசையில் நின்று, முன் சீட்டுக்காரர் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டு..?

நியாயமான கேள்விதான். படிச்சது பி.காம். என்பதால் நோட்டில் கோடு போட்டு, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எழுதியே பார்த்துவிட்டேன்.

பற்று... வரவு...

திருச்சுழிப் பக்கத்து கிராமத்திலிருந்து நாலு பேர் உள்ள குடும்பம் அருப்புக்கோட்டைக்குப் படம் பார்க்கக் கிளம்புகிறது. டிக்கெட் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 480. இடைவேளையில் பாப்கார்ன், டீ, சின்னவனுக்கு ஐஸ்கிரீம்... 200-க்குக் குறையாது. போக்குவரத்து ஒரு 100. (டவுன் பஸ் கிடைத்தால் வீட்டுப் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து இலவசம். மொபசல் பஸ் வந்தால் உங்கள் தலையெழுத்து!) ஆகமொத்தம் 780 ரூபாய்.

வீட்டில்? செல்போன் ரீசார்ஜோடு ஓசியில் ஒட்டிக்கொண்டு வந்த ஓ.டி.டி. இருக்கிறது. டி.வி. இருக்கிறது. பாய் இருக்கிறது. செலவு பூஜ்யம்.

ஆடிட்டரே தேவையில்லை. வீடு ஜெயித்துவிட்டது. கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால், எந்தக் கணக்கிலும் எழுதாமல் விட்ட செலவு ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிறவன்தான் காமர்ஸ் படிச்சவன். அதற்கு முன்னால், கொட்டகை வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மழைக்குப் பயப்படாத கொட்டகை

நம் பக்கத்துக்கு சினிமாவைக் கூடாரத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த பரம்பரையின் மூலவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஆபீஸ் உத்தியோகம். நம்மைப் போல மாசச் சம்பளக்காரர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்று தியேட்டரே கட்டினார். (ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் உடனே ராஜினாமா எழுத வேண்டாம். அவர் நேரம் நல்ல நேரம்!)

அதற்குப் பின்னால் வந்தவைதான் டூரிங் டாக்கீஸ்கள். கீத்துக் கொட்டகை, மணல் தரை, பின்னால் பெஞ்சு, நடுவில் ஆண் பெண் தடுப்பு. பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் ராத்திரி ஆட்டம் மட்டும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. மழை வந்தால் ஷோ கேன்சல். ''நம்ம ஊர்ல அந்தப் பயம் மட்டும் கிடையாது'' என்பார் அப்பா.

மதுரைக்காரர்களுக்கோ பெரிய மாளிகையே கிடைத்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள்! ஆசியாவிலேயே பெரிசு என்று ஊரே மார்தட்டியது. அங்கே ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் அப்புறம் சின்ன ஊர்களுக்கு வரும். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அத்தனையையும் தகரப் பெட்டிகளில் சுமந்து வரணும். ''பெட்டி வந்துருச்சா?'' என்று கேட்டுக் காத்திருந்த ஜனங்கள்தான் நம்ம பெரிசுகள்.

அந்தக் காத்திருப்பு சும்மா போகவில்லை. 1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்து முதலமைச்சரான தொகுதி எது? சாட்சாத் அருப்புக்கோட்டை! வெள்ளைத் திரையில் பார்த்த முகத்துக்கு, ஓட்டுச் சீட்டிலும் கைதட்டிய ஊர் சார் இது.

கூடத்துக்குள் நுழைந்த கூத்து

வீடு ஒன்றும் ஒரே நாளில் கொட்டகையை மடக்கவில்லை. தவணை முறையில்தான் மடக்கியது.

முதலில் தூர்தர்ஷன். ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்தது. அப்புறம் வாடகைக்கு டெக் எடுத்து ராத்திரி பூரா மூன்று படம். 1993-ல் சன் டி.வி. 2006-ல் தி.மு.க. அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டி.வி., கூரை வீட்டுக்குள்ளும் படத்தைக் கொண்டுபோனது. 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய் என்றது. 2016-ல் ஜியோ வந்து டேட்டாவை அள்ளி இறைத்தது. அதோடு ஆளுக்கொரு கொட்டகை... அவனவன் சட்டைப் பையிலேயே!

நம்ம பக்கத்துப் பரமக்குடிக்காரர் கமல்ஹாசன் 2013-லேயே 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். வழியாக வீட்டுக்கு விடுகிறேன் என்றார். தியேட்டர்க்காரர்கள் கொதித்தெழ, அந்த யோசனை நின்றுபோனது. அவர் சொன்னதை 2020-ல் கொரோனா செய்து காட்டியது. மார்ச்சில் பூட்டிய தியேட்டர்கள் நவம்பர் 10-ம் தேதிதான் பாதிக் கூட்டத்தோடு திறந்தன. நடுவிலேயே மே 29-ல் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக வீட்டுக்கு வந்துவிட்டது. 2021 பொங்கலுக்குக் கொட்டகையில் திருவிழா கொண்டாடிய 'மாஸ்டர்' பதினாறே நாளில் செல்போனில் வந்து நின்றது.

இதில் தியேட்டர்க்காரர்கள் மேலும் குறை இல்லாமல் இல்லை. சில கொட்டகைகளில் விளக்கு மங்கி, பகல் காட்சியும் ராத்திரி மாதிரியே தெரியும். வசனம் கேட்காது, ஆனால் மின்விசிறி சத்தம் ஸ்டீரியோவில் கேட்கும். கழிப்பறைப் பக்கம் போனவர் வில்லனை மன்னித்துவிடுவார். டிக்கெட்டைவிடப் பாப்கார்னுக்கு அதிகம் கேட்டால், சோளம் விளைகிற ஊர்க்காரனுக்குக் கோபம் வராதா?

பெரியம்மா சொன்ன கணக்கு

இப்ப, எழுதாமல் விட்ட அந்தச் செலவுக்கு வருவோம். கண்டுபிடித்தது நான் இல்லை. திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கிற எங்க பெரியம்மா.

''அதான் டி.வி.யிலயே எல்லாப் படமும் வருதே பெரியம்மா, இன்னும் எதுக்குக் கொட்டகை?'' என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: ''வீட்டுல நான் முழுசாப் பார்த்த படம் ஒண்ணு சொல்லுப்பு பாப்போம். கதாநாயகி அழ ஆரம்பிச்சா குக்கர் விசிலடிக்கும். சண்டை ஆரம்பிச்சா உங்க பெரியப்பா தண்ணி கேப்பாரு. முடியிற நேரத்துக்கு மாடு கத்தும். எல்லாப் படத்துலயும் எனக்கு நடுவுல அரை மணி நேரம் காணாமப் போயிருக்கும். கொட்டகையிலதான் என்னை யாரும் கூப்பிட மாட்டாக.''

'நான் யார்?' என்று தன்னையே கேட்டுப் பார்க்கச் சொன்ன ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. அந்த ஊர்ப் பக்கம் வாக்கப்பட்ட எங்க பெரியம்மாவுக்கு அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கவும் நேரம் கிடைத்ததில்லை. ''கொட்டகைக்குள்ள ரெண்டரை மணி நேரம் நான் யாருக்கும் அம்மா இல்ல, மருமக இல்ல. டிக்கெட்டு வாங்குன ஆளு. அம்புட்டுத்தான்'' என்றார்.

இதைக் கேட்ட பிறகு என் பற்றுவரவு நோட்டைத் திரும்பப் பார்த்தேன். வீட்டில் படம் பார்க்கச் செலவு பூஜ்யம் என்று எழுதியிருக்கிறதே, அது யாருக்குப் பூஜ்யம்? கால்மேல் கால் போட்டுப் பார்க்கிற நமக்கு! நடுவில் பஜ்ஜி வருகிறது, காபி வருகிறது, காலித் தட்டு தானாக எழுந்து போகிறது. அதைக் கொண்டுவந்தவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கூலியை எந்த லெட்ஜரிலும் ஏற்றவில்லை. 'வீட்டில் பார்ப்பது வசதி' என்று ஆண்பிள்ளைகள் நாம் சொல்கிறபோதெல்லாம், யாருடைய வசதி என்று ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வது நல்லது.

கூழாங்கல் எங்கே விழுந்தது?

அதற்காக வீட்டுத்திரை வேண்டவே வேண்டாம் என்று சொன்னால் அதுவும் அநியாயம். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' என்று ஒரு படம். மதுரைப் பக்கத்து வறண்ட காடு. உச்சி வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிறார்கள். படம் ஒண்ணேகால் மணி நேரம்தான். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது, ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை எல்லாம் வாங்கியது. 2023 அக்டோபரில் நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தது. நம் ஊர் வெயிலை ஐரோப்பாக்காரர்கள் பெரிய திரையில் பார்த்துவிட்டார்கள். அந்த வெயிலிலேயே காய்கிற நாம் உள்ளங்கை அளவு செல்போனில் பார்த்தோம். செல்போனும் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஆனால், தலைகீழான அதிசயமும் நடக்கிறது. 1964-ல் வந்த 'கர்ண'னை 2012-ல் மெருகேற்றித் திரும்ப விட்டார்கள். டி.வி.யில் எத்தனையோ தரம் ஓசியில் பார்த்த படம். ஜனங்கள் காசு கொடுத்து நூறு நாளுக்கு மேல் பார்த்தார்கள். 2004-ல் வந்த 'கில்லி' 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஒவ்வொரு வசனமும் மனப்பாடம் ஆன பையன்கள், அதே வசனத்தைச் சேர்ந்து சொல்லவே டிக்கெட் எடுத்தார்கள். கதை தெரிந்துகொள்ளவா போனார்கள்? கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிக்கவும் கத்தவும் போனார்கள். தனியாக உட்கார்ந்து வடிவேலு காமெடி பார்த்தால் புன்னகை வரும். நானூறு பேரோடு பார்த்தால் வயிறு வலிக்கும். சிரிப்பு ஒட்டுவாரொட்டி வியாதி சார்!

இந்த ஜில்லாக்காரர் வசந்தபாலன் 2006-ல் எடுத்த 'வெயில்' ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்த்த பையன், வீட்டை விட்டு ஓடி ஒரு தியேட்டரில்தான் அடைக்கலம் ஆவான். அந்தத் தியேட்டரை இடிக்கும்போது அவன் வாழ்க்கையும் சேர்ந்து இடியும். அதெல்லாம் சினிமாக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2,563 பேர் உட்கார்ந்த தங்கம் தியேட்டர் நின்ற இடத்தில் இன்றைக்கு ஜவுளிக்கடைதான் நிற்கிறது. பெரிய நகரத்துக்கு ஒரு கொட்டகை போனால் இன்னொன்று இருக்கும். மால் இருக்கும், பீச் இருக்கும். மழைக்காலம் தவிர மணலாகக் கிடக்கும் குண்டாற்றங்கரைக்காரனுக்குக் கொட்டகை போனால் என்ன இருக்கிறது? தறிச் சத்தத்தையும் வெயிலையும் விட்டு, முன்பின் தெரியாத ஆட்களோடு இருட்டில் சமமாக உட்கார வேறு இடம் ஏது?

ஆக, தீர்ப்பு?

வசதிக்கு வீடு. சின்னப் படத்துக்கு, கொட்டகை இடம் கொடுக்காத படத்துக்கு வீடு. ஆனால், ஒரு படத்தை முழுசாய்ப் பார்க்கணும் என்றால், அதுவும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கணும் என்றால், கொட்டகைதான். நாலு வாரம் கழித்து வரப்போவது படம் மட்டும்தான். அந்தக் கூட்டம் வராது.

தியேட்டர்க்காரர்களுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 100-ஐத் தாண்டினால் 18. ஒரே ஒரு ரூபாய் கூட்டினால் வரி 5 ரூபாயிலிருந்து 18 ரூபாய்க்குத் தாவுகிறது. (உள்ளாட்சி கேளிக்கை வரி தனி.) நூறுக்குள் நிறுத்துங்கள் அண்ணாச்சி! கூடவே பெண்கள் கழிப்பறையைக் கழுவி வையுங்கள். வாரநாள் மேட்னிக்கு எங்க பெரியம்மா மாதிரி ஆட்கள் டவுன் பஸ்ஸில் ஓசியில் வந்து இறங்குவார்கள். காலி சீட்டுக்கு நூறு ரூபாய் லாபம்தானே?

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த சம்பளத் தேதிக்கு அம்மாவையோ, பெரியம்மாவையோ, வீட்டுக்காரம்மாவையோ ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ''லீவு இல்லை, கையில் காசு இல்லை'' என்கிறீர்களா? பரவாயில்லை. வீட்டிலேயே நல்ல படமாகப் போட்டு அவர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு, குக்கரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கணும்... தெரியுமில்ல?