ஒயர் சேர்ந்தால் போதாது, உரிமமும் சேர வேண்டும்

2019-இல் செய்து சேமித்த ஒரு பேட்சை, அதாவது மாட்யூல்களை ஒயரால் இணைத்த அமைப்பை, 2022-இல் திறந்தால் என்ன ஆகும்? விசிவி ராக் மென்பொருளில் இசை அமைப்பவர்கள் பலர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். இன்னின்ன மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று திரையில் ஓர் எச்சரிக்கை வரும். பரவாயில்லை என்று தொடர்ந்தால் பேட்ச் திறக்கும், அங்கங்கே பல் விழுந்த வாயைப் போல. காணாமல் போன மாட்யூலில் செருகியிருந்த கேபிள்களும் கூடவே போயிருக்கும். அந்த நிலையில் மறதியாக 'சேவ்' கொடுத்துவிட்டால் பழைய பேட்சும் கைவிட்டுப் போய்விடும்.

விசிவி ராக் என்பது மாடுலர் சிந்தசைசரைக் கணினிக்குள் கொண்டுவந்த மென்பொருள். ஆண்ட்ரூ பெல்ட் என்ற அமெரிக்க நிரலாளர் 2017-இல் வெளியிட்டார். ஒலியை எழுப்ப ஒரு மாட்யூல், வடிகட்ட இன்னொன்று, தாளத்துக்கு வேறொன்று. இடையில் வண்ண வண்ண ஒயர்கள். எதையும் எதிலும் செருகலாம். அதுதான் மாடுலரின் கவர்ச்சி.

இதன் முன்மாதிரி, ஜெர்மனியின் டீட்டர் டொப்ஃபர் 1990-களின் நடுவில் தொடங்கிவைத்த யூரோராக் முறை. உயரம் இவ்வளவு, மின்சாரம் 12 வோல்ட், செருகுவாய் 3.5 மில்லிமீட்டர் என்று அவர் வகுத்ததை ஊர் உலகமெல்லாம் பின்பற்றியது. அன்று வாங்கிய மாட்யூலை இன்றைய பெட்டியில் திருகிப் பூட்டினாலும் பாடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மென்பொருளில் அந்தச் சௌகரியம் இல்லை. ராக்கின் மாட்யூல்களைச் சுமந்து வரும் பிளக்இன்கள் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டு, இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட கோப்புகள். தாய் மென்பொருள் நினைவகத்தில் எதை எங்கே வைத்திருக்கிறது என்பதை நம்பித்தான் அவை ஓடுகின்றன. அந்த அடுக்கு மாறினால் பிளக்இன் கண்டபடி கைவைத்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். அதனால் பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் பொருந்தாத பிளக்இன்னை ராக் ஏற்பதே இல்லை. 2019-இல் ராக் 1 வந்தபோதும், 2021 நவம்பரில் ராக் 2 வந்தபோதும் ஒவ்வொரு பிளக்இன்னையும் அதை எழுதியவர் புதிதாகத் திருத்திக் கட்ட வேண்டியிருந்தது. பலர் செய்தார்கள். சிலருக்கு வேறு வேலை வந்துவிட்டது, சிலருக்கு ஆர்வம் தீர்ந்துவிட்டது.

எழுதியவர் போய்விட்டால் மாட்யூலின் கதி என்ன என்பதைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் அல்ல, உரிமம். மூலநிரல் திறந்திருந்தால் வேறொருவர் எடுத்து ஒட்டுப்போட்டு மீண்டும் ஓட வைக்கலாம். மூடியிருந்தால் அந்த மாட்யூல் பழைய பதிப்போடு உடன்கட்டை ஏற வேண்டியதுதான்.

இதற்கு நல்ல சாட்சி மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். பிரான்ஸைச் சேர்ந்த எமிலி ஜில்லே நடத்திய சிறு நிறுவனம். பிரெய்ட்ஸ், கிளவுட்ஸ் முதலான தன் வன்பொருள் மாட்யூல்களின் மூலநிரலையும் சர்க்யூட் வரைபடத்தையும் அவர் திறந்தே வைத்தார். ஒரு நிபந்தனை: படியெடுப்பவர்கள் அவருடைய பெயர்களைச் சூட்டக் கூடாது. ஆகவே ராக்கில் அவை 'ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்ற பெயரில் வந்தன. கிளவுட்ஸ் 'டெக்ஸ்ச்சர் சிந்தசைசர்' ஆனது. 2022-இல் நிறுவனத்தை மூடிவிட்டார். மாட்யூல்களோ வன்பொருளிலும் மென்பொருளிலும் இன்னும் புழங்குகின்றன.

ராக்கின் சொந்த உரிமம் கொஞ்சம் சூட்சுமமானது. இலவசப் பதிப்பு ஜிபிஎல் 3 உரிமத்தின் கீழ் வருகிறது. அந்த உரிமத்தின்படி, ராக்கோடு பிணைந்து ஓடும் பிளக்இன்னும் திறந்திருக்க வேண்டும். ஆனால் இலவசமாகத் தருகிறவர்களுக்கு விசிவி ஒரு விலக்கு அளித்திருக்கிறது: நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். மூடிவைத்து விற்கவும் வேண்டுமென்றால் தனியாக வணிக ஒப்பந்தம் போட வேண்டும். ராக்கையே இன்னொரு இசை மென்பொருளுக்குள் பிளக்இன்னாக ஏற்ற வேண்டுமா? அதற்கு ராக் புரோ வாங்க வேண்டும். விலை 149 டாலர். இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவையும் எழுதுகிறவரும் சாப்பிட வேண்டாமா?

எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. ஃபிலிப்பே கொயெல்யூ என்ற நிரலாளர் ராக்கின் திறந்த நிரலை எடுத்து, கார்டினல் என்ற இலவச பிளக்இன்னாக வடித்தார். நிரலை எடுக்க ஜிபிஎல் அனுமதிக்கிறது. ஆனால் குமிழ், பலகைப் படங்களுக்கு வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வேறு உரிமம். கார்டினலில் மாட்யூல்கள் ஒரே கோப்புக்குள் சேர்த்தே கட்டப்படுகின்றன. வெளியிலிருந்து எதையும் செருக முடியாது. பதிப்புப் பொருத்தம் என்ற தலைவலி தீர்ந்தது. அதற்கு விலை, உரிமம் ஒத்துவராத எதற்கும் உள்ளே இடமில்லை. காசு கொடுத்து வாங்கிய மாட்யூலை வைத்துக் கட்டிய பேட்ச் அங்கே முழுதாகத் திறக்காது.

பொறியியல் பார்வையில் கார்டினலின் முடிவு கெட்டித்தனமானது. ஆனால் மூடிய நிரலாக விற்கப்படும் மாட்யூல்களில் அருமையானவை உண்டு. அவற்றை விட்டுவிடச் சொன்னால் இசைக்கலைஞர் கேட்பாரா என்பது சந்தேகம்தான்.

இப்போதைக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. ராக் 1, ராக் 2 இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே வைத்துக்கொள்ளலாம், கோப்புறைகள் தனித்தனி. ஆப்பிளின் புதிய சிப் கொண்ட மேக்கில் மட்டும் சிக்கல். ராக் 1 பழைய இன்டெல் சிப்புக்கு எழுதப்பட்டது. ரொசெட்டா என்ற இடைத்தரகர் தயவில்தான் அங்கே ஓடுகிறது. அந்த வசதி மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. முடிக்காத பழைய பாட்டு வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாகப் பதிந்துவைப்பது நல்லது. வேவ் கோப்பைத் திறக்க எந்த பிளக்இன்னும் தேவையில்லை.