திங்கட்கிழமைப் பாட்டுக்காரர்கள்: பெல் அண்ட் செபாஸ்டியன்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து இசைக்குழு பெல் அண்ட் செபாஸ்டியன். 1996-ல் ஆரம்பித்தார்கள். எனக்கு அகப்பட்டது ரொம்பத் தாமதமாகத்தான். ஆங்கில பாப் என்றாலே காதல், கார், பார்ட்டி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இவர்கள் பாட்டில் வருவது பள்ளிக்கூடம், சர்ச், சைக்கிளில் சுற்றும் பையன், திங்கட்கிழமை காலை. அவ்வளவுதான்.

'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று ஒரு பாட்டு. பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஒரு பெண், தனக்குப் பிடித்த இசைக்குழுவைக் களிமண்ணில் பொம்மையாகச் செய்கிறாள். ஊரோ, இவள் துணிக்கடை வேலைக்குத்தான் போவாள் என்று எதிர்பார்க்கிறது. நாலு நிமிஷத்துக்குள் ஒரு சிறுகதையே முடிந்துவிடுகிறது!

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பாட்டுகளை எழுதிப் பாடுபவர் ஸ்டூவர்ட் மர்டாக். கல்லூரி வயதில் அவருக்கு எம்.ஈ. என்கிற நாட்பட்ட சோர்வு நோய் வந்தது. படிப்பும் வேலையும் நின்றுபோய், சுமார் ஏழு வருஷம் முடங்கிக் கிடந்தார். பாட்டெழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். கொஞ்சம் தேறியபின் ஒரு சர்ச் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார்.

முதல் ஆல்பம் வந்த விதமும் வேடிக்கைதான். வேலையில்லாத இசைக்கலைஞர்களுக்கு ஸ்டோ கல்லூரியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மர்டாக், பின்னாளில் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் டேவிடைச் சந்தித்தது அங்கேதான். அதே கல்லூரியில் இசைத்தொழில் படித்த மாணவர்கள், பயிற்சிக்காக எலெக்ட்ரிக் ஹனி என்று சொந்த லேபிள் நடத்திவந்தார்கள். வருஷத்துக்கு ஒரு சிங்கிள் வெளியிடுவது வழக்கம். இவர்களிடம் பாட்டு நிறைய இருந்ததால் முழு ஆல்பமே போட்டார்கள். அதுதான் 'டைகர்மில்க்'. அச்சிட்டது 1000 எல்பி ரெக்கார்டுகள் மட்டுமே. அதே வருஷ நவம்பரில் அடுத்த ஆல்பம், 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்'. 1999-ல், பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமலே, ரசிகர் ஓட்டில் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகம் ஆனார்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பாடினால் பாட்டு நிற்குமா? சும்மா பட்டியல் போட்டால் நிற்காது. இவர்களிடம் நான் கவனித்தது மூன்று விஷயம். ஒன்று, 'நான், நீ' என்று மட்டும் சுற்றாமல் மூன்றாவது மனிதர்கள் பெயரோடு வருகிறார்கள். இரண்டு, குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல மெதுவாக ஒலிக்கிறது. பின்னால் செல்லோ, டிரம்பெட், பியானோ எல்லாம் அடக்கி வாசிக்கிறது. மூன்று, வரிகளில் சோகம் இருந்தாலும் மெட்டு துள்ளுகிறது. 'சினிஸ்டர்' தலைப்புப் பாட்டு, குழந்தைகள் விளையாடும் சத்தத்தோடு தொடங்கி, வாழ்க்கை பிடிக்காமல் போன இளைஞர்களிடம் போகிறது. பாதிரியாரிடம் போனாலும் ரெடிமேட் பதில் கிடைப்பதில்லை. பாட்டும் தருவதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். பள்ளிக்கூடம் போவதும் வேலைக்குக் கிளம்புவதும் நமக்கு அலுப்பு. வருஷக்கணக்கில் அது முடியாமல் கிடந்தவருக்கு அது ஏக்கம். நாம் பார்க்காமல் தாண்டிப்போவதை அவர் நின்று பார்த்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அந்த நோய் அவரை இன்னும் முழுசாக விட்டுவிடவில்லை. அதைப் பற்றி அவர் எழுதிய 'நோபடீஸ் எம்பயர்' என்ற பாட்டு 2015-ல் வந்தது. 2024-ல் அதே தலைப்பில் ஒரு நாவலும் வந்தது.

முதல்முறை கேட்பவர்கள் 'தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ'விலிருந்து தொடங்குங்கள். பனியில் இரை தேடும் ஒரு நரி, ஒரு பெண், சைக்கிளில் ஒரு பையன். பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனாலும் முடிந்ததும் இன்னொரு தடவை போடுவீர்கள்.