மாடி டேங்க்கில் குடியிருக்கும் மலேரியா! வண்ணாரப்பேட்டைவாசிகளே, மூடியைப் பாருங்க

சாயங்காலம் ஆனால் போதும், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் நின்று பேச முடியாது. கொசு மொய்த்துவிடும். "கால்வாயைத் தூர் வாராம விட்டா மலேரியா வராம என்ன பண்ணும்?" டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான்.

கோபம் நியாயம். ஆனால் கால்வாய்க் கொசு வேறு, மலேரியா கொசு வேறு.

சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். அது யானைக்கால் நோயைப் பரப்பும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். பகலில் கடித்து டெங்குவைத் தருவது ஏடிஸ். சென்னையில் மலேரியாவைச் சுமப்பது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. இதற்கு சாக்கடை பிடிக்காது. கிணறு, மாடி டேங்க், சம்ப்பு, கட்டிட வேலைக்குப் பிடித்து வைத்த தண்ணி என்று சுத்தமான இடமாகப் பார்த்துத்தான் முட்டை போடும். நாம் குடம் குடமாகப் பிடித்துச் சேர்த்த நல்ல தண்ணிதான் அதற்குப் பிரசவ வார்டு!

எப்படிக் கண்டுபிடிப்பது?

டேங்க்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசு. தண்ணி மட்டத்தோடு படுத்த மாதிரி மிதந்தால் அனாபிலிஸ். வளர்ந்த கொசு சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும்.

ஏன் வடசென்னை?

2000-களில் தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேல் சென்னை நகரத்தில்தான் இருந்தார்கள். அதிலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பேசின் பிரிட்ஜ் பக்கம் அதிகம். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். குழாயில் தண்ணி எப்ப வரும் என்று தெரியாததால் வீட்டுக்கு வீடு சேமிப்பு. பழைய வீடுகளில் கிணறு, மூடி உடைந்த சிமெண்ட் தொட்டி. அந்த சந்திலேயே லோடுமேன்களும் மீன்பாடி வண்டிக்காரர்களும் பிளாட்பாரத்திலோ மொட்டை மாடியிலோ வெறும் உடம்போடு தூங்குகிறார்கள். இந்தக் கொசு கடிப்பது ராத்திரியில்.

மலேரியா நோயாளியைக் கடித்த பெண் கொசுவின் உடம்பில் சுமார் 10 நாளில் கிருமி முற்றும். அதன் பிறகு அது கடிக்கிற ஆளுக்கு நோய் வரும். வெளியூரில் நோய் வாங்கி வந்த ஒருத்தர் போதும். ஆனால் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கொசு நம்ம டேங்க்கில் பிறந்ததுதானே!

மாத்திரையில் கோட்டை விடாதீங்க

இங்கே அதிகம் வருவது 'வைவாக்ஸ்' வகை. குளிர் நடுக்கும், காய்ச்சல் ஏறும், வேர்த்துக் கொட்டும். பலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ரத்த டெஸ்டில் உறுதியானால் 3 நாள் குளோரோகுயின், 14 நாள் பிரைமாகுயின் தருகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? மாத்திரையை மறந்து லோடு ஏற்றப் போய்விடுவார். ஆனால் ரத்தத்தில் இருந்த கிருமிதான் செத்திருக்கும். கல்லீரலில் பதுங்கிய கிருமி வாரமோ மாசமோ கழித்து மறுபடி கிளம்பும். "போன தடவை மாதிரியே வந்துடுச்சு" என்கிறவர்களில் பலருக்குப் புதுக் கொசு கடித்திருக்காது, பழைய பாக்கிதான். பதுங்கியதை அழிப்பது அந்த 14 நாள் மாத்திரை. ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டால் மாத்திரை எவ்வளவோ லாபம்.

கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்குகிற வேலையே வேண்டாம்.

இலங்கையின் கதை

1963-ல் இலங்கையில் மொத்தமே 17 பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். சில வருஷத்தில் லட்சக்கணக்கில் திரும்பியது! நம் நாட்டிலும் அதே கதைதான். 1961-ல் சுமார் 50 ஆயிரமாக இறங்கியது, 1976-ல் 64 லட்சத்துக்கு மேல் ஏறியது. இலங்கை மறுபடி பாடுபட்டு 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கியது. அந்தச் சூட்டோடு மன்னாரில் தென்பட்டது எது தெரியுமா? நம்ம ஊர் ஸ்டீபன்சி!

இப்போது தமிழ்நாட்டில் வருஷத்துக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு மலேரியா குறைந்திருக்கிறது. 2030-க்குள் நாடு முழுக்க ஒழிப்பதுதான் மத்திய அரசின் இலக்கு.

செய்ய வேண்டியது

புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், டேங்க்கில் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக மாற 8 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒருநாள் டிரம், தொட்டியைக் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துக் காயவிட்டாலே போதும். கவிழ்க்க முடியாத டேங்க்குக்கு இடைவெளி இல்லாத மூடி போடணும். வழிந்தோடும் குழாய் வாயில் துணி வலை கட்டணும், கொசு அந்த ஓட்டை வழியாகவும் நுழையும். கிணற்றில் கம்பூசியா மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும்.

மாநகராட்சி ஆட்கள் மாடிக்குப் போகணும் என்று வந்தால் "ஆள் இல்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். பூட்டிய வீட்டு டேங்க் ஒன்றே தெருவுக்கு வினை. காய்ச்சல் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஸ்டான்லியிலோ, தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ ரத்த டெஸ்ட் எடுக்கலாம். காசு கிடையாது. முதல் நாளே போனால் உங்களைக் கடிக்கிற கொசுவுக்குக் கிருமி போகிற வாய்ப்பும் குறையும்.