நின்று சாப்பிடும் ஓட்டலில் 'டிப்ஸ்' யாருக்கு?

பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வந்து சேருகிற தமிழர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும்.

ஊர் ஓட்டலில் சர்வர் இலை போடுவார், சாம்பார் ஊற்றுவார், கடைசியில் பில்லைக் கொண்டுவந்து வைப்பார். மீதிச் சில்லறையில் ஏதாவது விட்டுவிட்டு எழுந்து போவது வழக்கம். இங்கோ, முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டைக் கவுண்ட்டரில் கொடுத்துத் தட்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். உயரமான மேஜை அருகே நின்றபடியே சாப்பிட வேண்டும். பரிமாற ஆள் இல்லை. அப்படியானால் டிப்ஸ் யாருக்கு?

இந்த மாதிரி ஓட்டல்களுக்கு 'தர்ஷினி' என்று பெயர். 1983-ல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய 'கபே தர்ஷினி'யிலிருந்து வந்த பெயர் அது. சர்வர் கிடையாது, நாற்காலி கிடையாது. வந்த கூட்டம் வந்த வேகத்தில் கலையும். அதனால்தான் இட்லி, வடை, காபியைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. பிறகு தெருவுக்குத் தெரு தர்ஷினி முளைத்தது.

ஆகவே இங்கே டிப்ஸ் கொடுக்காமல் வந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் பர்சைத் தடவிப் பார்க்கும் குமாஸ்தா கூச்சப்படவே வேண்டாம்.

மேஜை துடைப்பவர்

ஆனால், சர்வர் இல்லை என்பதால் வேலை செய்கிறவரே இல்லை என்று ஆகிவிடாது. ஈரத்துணியும் வாளியுமாக மேஜைக்கு மேஜை சுற்றி வருகிறாரே, அவர் இருக்கிறார். காலைக் கூட்டத்தில் அவர் கை ஓய்ந்தால், அடுத்தவர் தட்டு வைக்க இடம் இருக்காது.

சர்வர் இருக்கும் ஓட்டலிலும் டிப்ஸ் அநேகமாகச் சர்வரோடு நின்றுவிடும். எச்சில் தட்டு எடுப்பவருக்கு ஏதாவது போனால், அது சர்வரின் நல்ல மனசு. தர்ஷினியில் அந்த வழியும் அடைபட்டது. பணம் முதலிலேயே கட்டியாயிற்று. சோம்புத் தட்டில் பில் வருவதில்லை. செல்போனில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் பழக்கம் வந்த பிறகு, கையில் சில்லறையும் மிஞ்சுவதில்லை.

முன்பு இந்த வேலைக்கு உடுப்பி, குந்தாபுரா பக்கத்துப் பையன்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, அசாம், மேற்கு வங்காளம் என்று தூரத்திலிருந்து வந்தவர்கள் பலர். பிழைப்புக்காகப் பாஷை தெரியாத ஊருக்கு வந்து நிற்பது எப்படி என்று தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூலி கொடுப்பது முதலாளியின் கடமை. அதை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் தினமும் ஒரே இடத்தில் சாப்பிடுகிறவர் வாரம் ஒரு முறையோ பண்டிகை நாளிலோ பத்து ரூபாயை அந்தக் கையில் கொடுத்தால், அதன் மதிப்பே வேறு. கையில்தான் கொடுக்க வேண்டும். ஈர மேஜையில் காசை வீசிவிட்டுப் போவது மரியாதை அல்ல. கன்னடத்தில் 'தகொள்ளி', இந்தியில் 'லீஜியே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லாவில் கொடுத்தால் அவரைச் சேருமா என்பது நிச்சயமில்லை. உண்டியல் வைத்திருந்தால், எல்லோருக்கும் பங்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் போடலாம்.

காசு இல்லாத நாளில் தட்டையும் டம்ளரையும் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போடலாம். அதற்குச் செலவில்லை.

பார்சலுக்கு டிப்ஸ் வழக்கம் இல்லை. பெட்டிக்கென்று வாங்கும் காசு கடைக்குப் போவது, கட்டுகிறவருக்கு அல்ல. ஆனால் ரூமில் இருக்கும் பத்துப் பேருக்குத் தோசை, சட்னி தனி, சாம்பார் தனி என்று கூட்ட நேரத்தில் கட்டச் சொன்னால், கட்டியவருக்கு ஏதாவது கொடுப்பது நியாயம்.

'சர்வீஸ் சார்ஜ்' வேறு

உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஓட்டல்களில்தான் கவனம் வேண்டும். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கலாம். ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி, கட்டத்தான் வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. அது ஓட்டல் நிர்வாகம் சேர்ப்பது.

இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் உத்தரவிட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ல் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

பில்லில் அந்த வரி இருந்தால், எடுத்துவிடும்படி மேனேஜரிடம் தாராளமாகக் கேட்கலாம். சண்டை போடத் தேவையில்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அப்படி நீக்கச் சொல்லிவிட்டு, அதில் ஒரு பங்கைப் பரிமாறிய சர்வர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.