முதுமைக் காலப் பணத்தைப் பெறும் பருவமும் முறையும்

கதிர் முற்றுமுன் அறுப்பவருக்குப் பதரே மிஞ்சும். முற்றிய பின்னும் அறுக்காது விடுபவருக்கு மணி நிலத்திற் சொரிந்து போகும். வயலில் இறங்கிய ஒவ்வொரு கமக்காரரும் இதனை அறிவர். ஆயினும் முதுமைக் காலத்துக்கெனச் சட்டங்கள் வகுத்துள்ள பணத்தைப் பெறும் விடயத்தில் இவ்வுண்மை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சிலர் உரிமை பிறந்த நாளிலேயே முழுத் தொகையையும் பெற்று, இரண்டு போகங்களுக்குள் செலவு செய்து முடிக்கின்றனர். வேறு சிலர் தமக்கு அப்படியொரு உரிமை உண்டென்பதே அறியாது காலங்கழிக்கின்றனர். இரு சாராருக்கும் நட்டமே. ஆகவே எந்தப் பணத்தை எப்பொழுது பெறுவது, எவ்வாறு பெறுவது என்பதைக் கமக்காரக் குடும்பம் ஒவ்வொன்றும் முன்கூட்டியே ஆராய்ந்து முடிவுசெய்தல் வேண்டும்.

பணம் வரக்கூடிய நான்கு வழிகள்

முதலாவது, கமக்காரர் ஓய்வூதியம். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் இது ஏற்படுத்தப்பட்டது. கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை இதனை நடத்தி வருகிறது. 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட கமக்காரர் இதிற் சேர்வதற்கும், அறுவடைக் காலங்களையொட்டி ஆண்டுக்கு இரு தவணைகளிற் பணம் செலுத்துவதற்கும், 60 வயதுக்குப் பின் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுவதற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. நிரந்தர அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் உரிய கொடுப்பனவுகளும் அதில் அடங்கும்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதத்தை ஊழியரும், 12 வீதத்தைத் தொழில்கொள்வோரும் செலுத்துவர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இத்தொகைக்கு உரித்துடையோராவர்.

மூன்றாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்கொள்வோர் மட்டும் நூற்றுக்கு 3 வீதம் செலுத்துவர்.

நான்காவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் நிறைவுசெய்தவர் விலகும்போது இது உரியதாகும். மாதச் சம்பளம் பெற்றவருக்கு ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளமும், ஏனையோருக்கு ஒவ்வோராண்டுக்கும் 14 நாட் சம்பளமும் கணக்கிடப்படும்.

பின்னைய மூன்றும் சம்பளக்காரருக்கு உரியவை, கமக்காரருக்கு இவற்றால் யாது பயன் எனச் சிலர் கேட்கலாம். நெல் ஆலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வேலைபார்த்துவிட்டு வயலுக்குத் திரும்பியோர் பலர். மலைநாட்டில் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பங்கள் பலவற்றில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் ஒருவரேனும் இருப்பர். நாட்கூலிக்கு 25 ஆண்டு தோட்டத்தில் உழைத்தவர் ஒருவருக்கு 350 நாட் சம்பளம் பணிக்கொடையாக உரியது. கிணற்றை ஆழமாக்கவோ, சரிவு நிலத்துக்குக் கல்லணை கட்டவோ உதவக்கூடிய தொகை இது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் நெல் ஆலையொன்றில் நெடுங்காலம் வேலைசெய்து விலகியவர். வயது 55. சேமலாப நிதியில் அவர் பெயரில் 10 இலட்சம் ரூபா உண்டு. மனைவிக்கு வயது 52. அவர் தமது 3 ஏக்கர் காணியில் நெல்லும் மேட்டுநிலப் பயிரும் செய்து, கமக்காரர் ஓய்வூதியத்துக்குத் தவணைப்பணம் கட்டி வருகிறார். அவருக்கு 60 வயதாக இன்னும் 8 ஆண்டுகள், அதாவது 96 மாதங்கள் உள்ளன. இந்த 8 ஆண்டுகளையும் கடப்பதற்குக் கணவரின் பணமே பாலமாக அமைதல் வேண்டும்.

10 இலட்சத்தையும் பெற்று வீட்டில் வைத்துக்கொண்டு மாதம் 20,000 ரூபா வீதம் செலவிட்டால், 50 மாதங்களில் அது தீர்ந்துவிடும். அப்பொழுது கணவருக்கு 60 வயதும் ஆகியிராது. அதே பணத்தை வங்கியில் இட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீத வட்டி கிடைப்பதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபா எடுத்தால் 5 ஆண்டும் 1 மாதமும் நிற்கும். 15,000 ரூபா எடுத்தால் 7 ஆண்டும் 4 மாதமும் நிற்கும். 10,000 ரூபா எடுத்தால் ஏறத்தாழ 13 ஆண்டும் 9 மாதமும் நிற்கும். முதல் இரண்டு முறைகளிலும் பாலம் அக்கரை சேருமுன் அறுந்துபோகிறது. மூன்றாவது முறையிலேயே குடும்பம் கரைசேருகிறது.

இனி, பணத்தைப் பெறாது நிதியிலேயே விட்டுவைத்தால் என்ன? உறுப்பினரின் மீதியின் மேல் ஆண்டுதோறும் வட்டி சேர்க்கப்படுகிறது. அதே 8 வீதக் கணக்கின்படி 10 இலட்சம் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 14 இலட்சத்து 69 ஆயிரமாகப் பெருகும். வயலும் தோட்டமும் அன்றாடச் செலவைத் தாங்கும் நிலையில் இருப்பின், உடலில் வலுவுள்ள அந்த 5 ஆண்டுகளும் நிதியைத் தொடாதிருத்தல் சாலச் சிறந்தது. தாங்காவிடின் பணத்தைப் பெறுவதிற் குற்றமில்லை. ஆனால் எவ்வளவு செலவிடுவது என்பதை முதல் மாதத்திலேயே வரையறுத்தல் வேண்டும்.

வட்டி வீதம் ஏறியும் இறங்கியும் வரும் என்பதையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தன. அத்தகைய காலத்திற் பெட்டியில் முடங்கிய பணம் எலி புகுந்த நெற்குதிர் போலக் குறைந்துபோகும்.

பணம் கைக்கு வந்ததும் உழவு இயந்திரமொன்று வாங்கலாமென்ற ஆசை எழுவது இயல்பு. சொந்தமாக 3 ஏக்கரை மட்டும் உழுவதற்கு ஓர் இயந்திரம் வேண்டுவதில்லை. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் எத்தனை நாள் பிறருக்கு உழவுக்கு விடமுடியும், எரிபொருளும் பழுதுபார்த்தலும் போக என்ன மிஞ்சும், இன்னும் 8 ஆண்டுகளின் பின் அதன் விலை என்ன என்பவற்றை எழுதிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். நீரின்றிக் கிடக்கும் மேட்டுநிலத்துக்குக் கிணறு திருத்துவது போன்ற செலவு ஒவ்வொரு போகத்திலும் பலன் தரும். எதுவாயினும் முழுத் தொகையையும் ஒரே வாய்க்காலில் திறந்துவிடுதல் தகாது.

எது முந்தியது, எது பிந்தியது

தொழிலை விட்டு விலகியவுடன் முதலிற் கேட்கவேண்டியது பணிக்கொடையாகும். விலகிய 30 நாட்களுக்குள் அதனைத் தொழில்கொள்வோர் கொடுத்தல் வேண்டும். தராவிடின் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தொழில் நடத்துபவர் நலிவுற்றால் அப்பணத்தைப் பெறுதல் கடினமாதலின், இதனைப் பிற்போடலாகாது.

அடுத்தது நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 55 வயது வரை காத்திராமல், தொழிலை விட்டபின் இதனைப் பெறலாம். ஒருமுறை பெற்றவர் மீண்டும் அவ்வாறு பெறுவதற்கு 5 ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

சேமலாப நிதி இறுதியில் வைக்கப்படவேண்டியது. அது விதைநெல்லைப் போன்றது. ஒருமுறை ஆக்கி உண்டபின் மீண்டும் வாராது. 10 ஆண்டுகள் பணம் செலுத்தி, மீதி 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாதுள்ள ஊழியர் ஒருவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவத் தேவைக்கோ, ஓய்வு வயதுக்கு முன்னரே நூற்றுக்கு 30 வீதம் வரை பெற வழியுண்டு. இவ்வழியும் தவிர்க்கமுடியாத தேவைக்கே உரியது.

பெண்களின் பணம்

மணமாகுமுன் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்து, பின் ஊர் திரும்பித் தோட்டம் செய்யும் பெண்கள் பலர். மணத்தின் காரணமாகத் தொழிலை விட்ட பெண் 50 வயது வரை காத்திராமலே சேமலாப நிதியைக் கோர முடியும். அதற்கெனக் காலவரையறை உண்டாதலால், மணப்பதிவுச் சான்றிதழுடன் தாமதியாது தொழில் அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும். மீண்டும் வேலைக்குச் செல்லும் எண்ணமிருப்பின், அப்பணத்தை 50 வயதுக்கென விட்டுவைப்பதே மேல். எதைத் தெரிவதென்பதை அப்பெண்ணே தீர்மானித்தல் முறை. உழைத்தவர் அவரே.

பத்திரங்களை முன்கூட்டியே ஒழுங்குசெய்தல்

பணம் பிந்துவதற்குப் பெருங்காரணம் பத்திரக் குறைபாடாகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, தொழிலிடப் பதிவில் தந்தை பெயரின்றி முதலெழுத்து மட்டும் என மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒருவரே என நிறுவ மாதங்கள் செல்லும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் அநேகம். இவர்கள் பிரதேச செயலகத்திற் பிறப்புச் சான்றிதழின் பிரதியை இப்பொழுதே பெற்றுவைத்தல் வேண்டும். 60 வயதான பின் தேடத் தொடங்குதல் நாற்று நடும் நாளில் விதை தேடுவதற்கு ஒப்பாகும்.

சேமலாப நிதிக்குரிய கோரிக்கை 'கே' படிவத்தில் தொழில் அலுவலகத்துக்குச் செய்யப்படும். உறுப்பினர் இறந்திருப்பின் 'எல்' படிவம் வேண்டும். அடையாள அட்டை, உறுப்பினர் இலக்கம் கொண்ட 'பி' அட்டை, தம் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்தல் நன்று. தமக்குப் பின் பணத்தைப் பெறவேண்டியவர் யாரெனப் பெயர் குறித்து வைத்தலும் இன்றியமையாதது. மணம் முடித்தாலோ, பெயர் குறிக்கப்பட்டவர் இறந்தாலோ அதனைப் புதுப்பித்தல் வேண்டும். இவ்வுறை எங்குள்ளதென்பதை மனைவியும் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

ஓய்வூதியத் தவணை தவறலாகாது

கமக்காரர் ஓய்வூதியத்திற் சேரும் வயது கூடக்கூடத் தவணைத் தொகையும் கூடும். ஆகவே மகனோ மகளோ கமத்தில் இறங்கிய முதற் போகமே சேர்வதற்கு உகந்த காலம். அறுவடை முடிந்து நெல் விற்ற நாளில், கடைக்கடன் தீர்ப்பதற்கு முன்னரே தவணைப்பணத்தை எடுத்து வைத்தல் வேண்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தல் வேண்டும்.

2012ஆம் ஆண்டளவில் நிதிக் குறைவினால் இவ்வோய்வூதியக் கொடுப்பனவு தடைப்பட்டது. 2014ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. இடைக்காலத்தில் முதியோர் பலர் பட்ட இடர் சிறிதன்று. அதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஒரே பயிரை நம்பியவர் ஒரு வறட்சியில் வீழ்வர். பல பயிர் செய்தவர் ஒன்று போனாலும் மற்றொன்றால் நிமிர்வர். ஓய்வூதியம், சேமலாப நிதி, சொந்தச் சேமிப்பு, நல்ல நிலையிலுள்ள காணி ஆகிய நான்கும் முதுமைக்குரிய கலப்புப் பயிர்களாகும். ஓய்வூதியத்தின் தொகையும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், கோரிக்கை செய்யுமுன் கமநல சேவை நிலையத்தில் விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

வரும் அறுவடையின் பின் ஓய்வான ஒரு மாலையில், கணவனும் மனைவியும் விளக்கடியில் அமர்ந்து மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதட்டும்: எங்கெங்கே நமக்குரிய பணம் உண்டு, அது எந்த வயதில் வரும், அதுவரை எத்தனை மாதங்களைக் கடக்கவேண்டும். அத்தாளையும் பத்திர உறையில் இட்டு வைத்தால், கை தளர்ந்த காலத்திற் பிறர் கையை எதிர்பாராது தம் காணியின் வரம்பில் நிமிர்ந்து நிற்கலாம்.