ஊசிமுனையில் ஓடிய சினிமா

பார்வைக்கு எல்.பி. இசைத்தட்டு மாதிரியே இருக்கும். அதே 12 அங்குல அகலம். ஊசியை வைத்தால் பாட்டோடு படமும் ஓடும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1964இல் தொடங்கிய ஆராய்ச்சி, 1981 மார்ச்சில் ‘செலக்டாவிஷன்’ வீடியோ தட்டாகக் கடைக்கு வந்தது. கலர் டி.வி.யை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்த நிறுவனம், வீடியோவையும் அப்படியே சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. மூன்றே ஆண்டில் கணக்கு பொய்த்தது.

தொழில்நுட்பம் என்னவோ அசாத்தியமானதுதான். தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது, மின்சாரம் கடத்துவதற்காக அதில் கார்பன் கலந்திருந்தார்கள். வரித்தடங்கள் அவ்வளவு நெருக்கம்: ஓர் அங்குலத்துக்குள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். தடத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். இசைத்தட்டு ஊசி அந்த மேடுபள்ளத்தில் ஏறி இறங்கி அதிரும்; இந்த வைர ஊசி அதிராமல் மேலாக வழுக்கிக்கொண்டு போகும். ஊசியின் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகப் பூச்சு. அதற்கும் தடத்தின் அடிக்கும் உள்ள இடைவெளி கூடக் குறைய, இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத் திறனும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி படமாகவும் ஒலியாகவும் மாற்றியது. தட்டு நிமிடத்துக்கு 450 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பிரேம்கள். அமெரிக்க டி.வி.க்குத் தேவையான நொடிக்கு 30 பிரேம் கணக்கு அதில் சரியாக வந்துவிடும்.

இவ்வளவு நுண்ணிய தடத்துக்குத் தூசியும் விரல்ரேகையும் எமன். அதனால் தட்டைக் கையால் தொடவே விடவில்லை. அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும். உறையோடு கருவிக்குள் செருகி இழுத்தால் வெற்று உறை மட்டும் கையோடு வரும். தட்டு உள்ளே தங்கிவிடும். ஒரு பக்கம் 60 நிமிடம். படம் பாதியில் நிற்கும்போது எழுந்துபோய், உறையைச் செருகித் தட்டை எடுத்து, திருப்பி மறுபடி செருக வேண்டும். பாஸ் பொத்தானை அழுத்தினால் ஊசி மேலே தூக்கிக்கொள்ளும், திரை வெறுமையாகிவிடும்.

சாமானியருக்குக் கட்டுப்படியாகும் வீடியோ என்பதுதான் ஆர்.சி.ஏ.யின் வாதம். கருவியின் விலை 500 டாலர். அதே சமயம் வி.சி.ஆர். வாங்க அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். படம் பதிந்த கேசட் ஒன்றே ஐம்பது, அறுபது டாலர் என்று விற்றது. தட்டோ அதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் 1981இல் இந்த ஒப்பீட்டையே ஜனங்கள் போடவில்லை. ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் 1977இலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் கேசட் வாடகைக் கடை திறந்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அப்படிப்பட்ட கடைகள் ஊர் ஊராகப் பரவின. சில டாலரில் ஓரிரவுக்கு எடுத்துவந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்றான பிறகு, படத்தை யார் விலைக்கு வாங்குவது? மேலும், நம்மூரில் ‘டெக்’ என்று பெயரெடுத்த அந்த வி.சி.ஆர்., இரவு டி.வி. நிகழ்ச்சியைப் பதிந்துவைத்து மறுநாள் போட்டுக் காட்டும். தட்டுக் கருவியால் எதையும் பதிய முடியாது.

இதில் வேடிக்கை, அந்த வி.சி.ஆரை அமெரிக்காவில் மும்முரமாக விற்றவர்களில் ஆர்.சி.ஏ.யும் ஒன்று. ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த வி.எச்.எஸ். கருவியை 1977இலேயே அது கொண்டுவந்துவிட்டது. நான்கு மணி நேரம் பதியும் அந்தக் கருவிக்கும் ‘செலக்டாவிஷன்’ என்றே பெயர். தட்டுக்குப் போட்டி சொந்த வீட்டிலேயே இருந்தது.

1984 ஜனவரியில், டி.வி. நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனி வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தட்டுக் கருவித் தயாரிப்பை நிறுத்துவதாக ஆர்.சி.ஏ. அறிவித்தது. அதுவரை விற்றவை ஐந்தரை லட்சம் கருவிகள் அளவில். நஷ்டம் சுமார் 58 கோடி டாலர். வாங்கியவர்கள் மட்டும் தட்டுகளை ஆசையாக வாங்கிக் குவித்தார்கள். அதனால் 1986 வரை தட்டுகள் வந்துகொண்டிருந்தன.

பதிய முடியாததுதான் காரணமென்றால், 1997இல் அமெரிக்காவுக்கு வந்த டி.வி.டி.யும் தோற்றிருக்க வேண்டும். அதிலும் படம் பார்க்கத்தான் முடியும். ஆனால் பதிவதற்கு வி.சி.ஆர். அதற்குள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. டி.வி.டி. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதனால் முடியாததைச் செய்தது: பளிச்சென்ற படம், நினைத்த காட்சிக்குத் தாவும் வசதி, ரீவைண்ட் தொல்லையே இல்லை. வாடகைக் கடைகளும் அதை ஏற்றுக்கொண்டன.

அதே டி.வி.டி. தொழில்நுட்பத்தில் 1998இல் ‘டிவிக்ஸ்’ என்றொரு முறையை சர்க்யூட் சிட்டி கடை நிறுவனம் இறக்கியது. மலிவு விலையில் தட்டு. போட்ட நேரத்திலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம், அதற்குமேல் வேண்டுமானால் மறுபடி பணம். கருவி தொலைபேசி இணைப்பு வழியாகத் தலைமையிடத்துக்குக் கணக்குச் சொல்லும். திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் இல்லை என்பதுதான் விளம்பரம். காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்க்க மறுபடி மறுபடி அனுமதி வாங்க யாரும் தயாராக இல்லை. 1999 ஜூனில் டிவிக்ஸை மூடுவதாக அறிவிப்பு வந்தபோது, சாதாரண டி.வி.டி.யின் விற்பனை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.