திட்ட மேலாண்மைப் பட்டமும் இருங்காட்டுக்கோட்டையும்

பூந்தமல்லியைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை என்றோர் ஊர் உளது. ஏரிகள் மலிந்த நாட்டின் நடுவே அமைந்த அவ்வூரின் பெயரை இன்று மோட்டார்த் தொழிலில் ஈடுபட்டோர் யாவரும் அறிவர். 1996-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனத்தார் தம் இந்தியக் கம்பெனியை நிறுவினர்; அவ்வூரில் ஆலை எழுந்தது; 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வண்டி விற்பனைக்கு வந்துவிட்டது. இடையே சென்றது 28 மாதமே. இதற்குக் கொற்றனும் வேண்டும், இயந்திரநூல் வல்லோனும் வேண்டும், கணக்கனும் வக்கீலும் வேண்டும். இவர்தம் வேலைகளை ஒன்றோடொன்று முட்டாவண்ணம் காலத்திற் கோப்பவன் ஒருவனும் வேண்டுமன்றோ? அவன் தொழிலே திட்ட மேலாண்மை. அதில் முதுநிலைப் பட்டம் பெற விழைந்து நம் கலாசாலை மாணாக்கர் பலர் வினவுகின்றமையின், நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உடையது. ஆலையை எழுப்புதல் திட்டம்; எழுப்பிய ஆலையை நாள்தோறும் நடத்துதல் திட்டமன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் இப்படிப்பிற் சேர்ந்து பின்னர் ஏமாற்றமுறுவோர் உளர்.

இக்கல்வியின் உயிர்நிலையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இருங்காட்டுக்கோட்டையில் சிறியதோர் ஆலை எழுப்ப வேண்டும் எனக் கொள்க. அடித்தளத்திற்கு 4 மாதம். அதன்மேல் சுவரும் கூரையும் அமைக்க 5 மாதம். இயந்திரங்களை வெளிநாட்டினின்று கப்பலில் வரவழைக்க 8 மாதம். மின்சார இணைப்புப் பெற 6 மாதம். இவ்விரண்டும் முதல் நாளிலேயே தொடங்கலாம். கூரையும் இயந்திரமும் கைகூடிய பின் பொருத்துதற்கு 3 மாதம். மின்சாரம் கொண்டு ஓட்டிப் பார்க்க 1 மாதம். எல்லாவற்றையும் கூட்டி 27 மாதம் என்பான் அறியாதவன். கட்டட வழியே செல்லின் 4, 5, 3, 1 ஆக 13 மாதத்தில் வேலை முடியும். இந்த நீண்ட வழியைக் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்பர். நாம் நெருக்கடி வழி எனலாம். இவ்வழியில் ஒரு நாள் பிந்தினும் ஆலை ஒரு நாள் பிந்தும். கப்பலோ ஒரு மாதம் பிந்தினும் கேடில்லை. இரண்டு மாதம் பிந்தின், நெருக்கடி வழியே மாறிவிடும். பின்னர்க் கொற்றனை விரட்டிப் பயனில்லை, கப்பலையே நோக்க வேண்டும்.

இனி மழையைச் சேர்த்து எண்ணுக. தை பிறக்குமுன் ஜனவரித் தொடக்கத்திலேயே மண் வெட்டின், செப்டம்பர் இறுதியிற் கூரை மூடும். வடகிழக்குப் பருவமழை கொட்டுங்கால் ஆட்கள் உள்ளிருந்து இயந்திரம் பொருத்துவர். மே மாதத்தில் தொடங்கின், கூரை வேலையின் பெரும்பகுதி மழையில் அகப்படும். வேலை ஒன்றே, தொடங்கிய திங்களே வேறு. வள்ளுவர் காலமறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது வீணன்று.

இக்கணக்கு முறையை 1957-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சார்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சார்ந்த ஜேம்ஸ் கெல்லியும் வகுத்தனர். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லுஞ் செலவை எண்ணாதவனைப் பற்றி லூக்கா சுவிசேஷத்தில் வரும் உவமையை நம் மாணாக்கர் நன்கறிவர். ஈண்டு செலவோடு நாளும் எண்ணப்படுகிறது, அவ்வளவே.

பட்டப்படிப்பு பெரும்பாலும் இரண்டாண்டு. காலவரிசை, செலவுக் கணக்கு, ஒப்பந்தச் சட்டம், இடர் மதிப்பீடு, தரம் ஆகியன பாடங்கள். கட்டடத்துறையினர்க்குக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. வகுப்பு உண்டு; பிற துறையினர் எம்.பி.ஏ. வழியே செல்வர். பி.எம்.பி. என்பது பட்டமன்று; 1969-இல் அமெரிக்காவில் தோன்றிய பி.எம்.ஐ. சங்கம் வழங்கும் சான்றிதழ். பட்டதாரியும் 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்டினாலன்றி அத்தேர்வை எழுதவியலாது.

அச்சங்கத்தார் அனுபவம் கேட்பது வீம்பன்று. பி.ஏ. முடித்த மறுமாதமே இப்பட்டத்திற் சேர்வதை நாம் ஒப்போம். வீட்டை ஈடுவைத்துக் கட்டணஞ் செலுத்திய தந்தையரை நாம் அறிவோம்; மகனோ, ஒப்பந்தக்காரர் சொல்லும் ‘அடுத்த வாரம்’ எத்தனை நாள் என்பதறியாமல் கணிப்பொறியில் அழகிய அட்டவணை வரைந்துகொண்டிருந்தான். அந்த ‘அடுத்த வாரம்’ எந்நூலிலும் இல்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஈராண்டு தூசியில் நின்றவனுக்கு அது தெரியும். அவன் வகுப்பிற் கேட்கும் கேள்வியே வேறாயிருக்கும்.

சேரத் துணிந்தோர் பணங்கட்டுமுன் இரண்டு வினவுக: ஆசிரியருள் எத்துணைப் பேர் தாமே ஒரு திட்டத்தை நடத்தி முடித்தவர்? இறுதி ஆய்வுக்கு மாணாக்கரை எந்த வேலைத்தலத்துக்கு அனுப்புகின்றனர்? விடை கூறத் தயங்குவாராயின், விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறலாம்.